எந்தத் தொகுப்பி, எந்தப் பதிப்பு?

கைத்தொலைபேசியில் ஒரு செயலியைப் பதிவிறக்கம் செய்கிறோம். அடுத்த நிமிடமே அதைத் திறந்து பயன்படுத்துகிறோம். காலையில் கடையில் வாங்கும் நாசி லெமாக் பொட்டலத்தைப் போல, அது உடனே உண்ணத்தக்க நிலையில் நம்மிடம் வந்து சேர்கிறது. அடுப்படியில் என்ன நடந்தது என்று நாம் கேட்பதில்லை.

மென்பொருள் இன்னொரு வடிவிலும் கிடைக்கும். அதுதான் மூல நிரல். அது மனிதர் எழுதியது. மனிதர் படித்துப் புரிந்துகொள்ளக்கூடியது. ஆனால், கணினியால் அதை அப்படியே இயக்க முடியாது. சி, சி பிளஸ் பிளஸ், ரஸ்ட், கோ போன்ற மொழிகளில் எழுதிய நிரலை முதலில் இயந்திர மொழிக்கு மாற்ற வேண்டும். இவ்வேலையைச் செய்யும் மென்பொருளையே 'கம்பைலர்' என்கிறோம். தமிழில் அது தொகுப்பி. அமெரிக்கரான கிரேஸ் ஹாப்பர் 1952-ஆம் ஆண்டில் ஏ-0 என்னும் தொகுப்பியை உருவாக்கினார். அது சேமித்து வைத்திருந்த சிறு சிறு நிரல் துண்டுகளைத் தேடி எடுத்து ஒன்றாகக் கோத்துத் தந்தது. இன்றைய தொகுப்பிகளின் வேலை அதைவிடப் பன்மடங்கு சிக்கலானது என்றாலும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

ஆயத்தமான மென்பொருள் கிடைக்கும்போது மூல நிரலை எடுத்துக்கொண்டு ஏன் சிரமப்பட வேண்டும்? சிலருக்கு அதில் மாற்றம் செய்ய வேண்டியிருக்கும். சிலருடைய கணினி வகைக்கு ஆயத்தமான வடிவம் இருக்காது. இன்னும் சிலர், தம் கணினியில் ஓடுவது உண்மையில் அந்த மூல நிரலிலிருந்து வந்ததுதானா என்று உறுதிசெய்துகொள்ள விரும்புவர். காரணம் எதுவானாலும், மூல நிரலிலிருந்து மென்பொருளைக் கட்டத் தொடங்குபவர் விரைவில் ஒரு கேள்வியைச் சந்திப்பார். இந்த நிரல் எந்தத் தொகுப்பியை, அதிலும் அதன் எந்தப் பதிப்பை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது?

ஒரே நிரல், இரண்டு முடிவுகள்

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு பள்ளியின் கணினிக் கழக மாணவர்கள் 2014-ஆம் ஆண்டில் பள்ளி நூலகத்திற்காகச் சி மொழியில் ஒரு நிரலை எழுதினார்கள் என்று வைத்துக்கொள்வோம். யார் எந்தப் புத்தகத்தை இரவல் வாங்கினார், எப்போது திருப்பித் தர வேண்டும் என்பவற்றை அது பதிவுசெய்யும். அவர்களுடைய கணினியில் உபுண்டு 14.04 இயங்குதளம் இருந்தது. அதனுடன் வந்த தொகுப்பி ஜிசிசி 4.8. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987-ஆம் ஆண்டில் வெளியிட்டு, இன்றுவரை பலர் சேர்ந்து வளர்த்துவரும் தொகுப்பி அது. நிரல் நன்றாக ஓடியது. எழுதிய மாணவர்களும் பள்ளியை விட்டுச் சென்றுவிட்டனர்.

இப்போது பழைய கணினி பழுதாகிவிட்டது. புதிய கணினியில் டெபியன் 13 உள்ளது. அதன் தொகுப்பி ஜிசிசி 14. மூல நிரல் பத்திரமாக இருக்கிறது. அதில் ஓர் எழுத்தைக்கூட யாரும் மாற்றவில்லை. இருந்தும், அதைக் கட்டத் தொடங்கியதும் திரை முழுவதும் பிழைச் செய்திகள் கொட்டுகின்றன. நிரல் பழையதாகிக் கெட்டுவிட்டது என்றுதான் பார்ப்பவர் நினைப்பார். ஆனால், நிரல் என்ன, ஊறுகாயா கெட்டுப்போவதற்கு? அதைச் சுற்றியிருந்த உலகம்தான் மாறியிருக்கிறது.

இப்படிப்பட்ட பிழைச் செய்திகளில் இரண்டு வகை அடிக்கடி வருபவை. இரண்டையும் சற்று விரிவாகக் காண்போம்.

முதலாவது, செயற்கூறு பற்றியது. சி மொழியில் ஒரு செயற்கூற்றை அழைக்குமுன், அது எவற்றைப் பெற்றுக்கொள்ளும், எதைத் திருப்பித் தரும் என்பதை அறிவிக்க வேண்டும். பழைய இலக்கணத்தில் ஒரு சலுகை இருந்தது. அறிவிப்பு இல்லாவிட்டால், அந்தச் செயற்கூறு ஒரு முழு எண்ணைத் திருப்பித் தரும் என்று தொகுப்பி தானாகவே ஊகித்துக்கொள்ளும். அக்காலத்துக் கணினிகள் பலவற்றில் இந்த ஊகம் பெரிய கேடு எதையும் விளைவிக்கவில்லை. இன்றைய 64 பிட் கணினிகளில் நிலைமை வேறு. முழு எண்ணுக்குப் பொதுவாக 4 பைட்டுகள். நினைவக முகவரிக்கோ 8 பைட்டுகள். முகவரியைத் தர வேண்டிய செயற்கூறு, எண்ணைத்தான் தரும் என்று தொகுப்பி ஊகித்தால், முகவரியின் பாதி வெட்டுண்டு போகும். உறையில் பாதி முகவரியை மட்டும் எழுதிய கடிதம் எந்த வீட்டுக்குப் போய்ச் சேரும்? நிரல் எங்கோ தடுமாறி விழும். விழும் இடத்திற்கும் உண்மையான தவற்றிற்கும் தொடர்பே இல்லாததுபோல் தோன்றும்.

இச்சலுகையைச் சி மொழியின் 1999-ஆம் ஆண்டுத் தரம் நீக்கிவிட்டது. எனினும், பழைய நிரல்கள் பலவும் நின்றுவிடும் என்பதால் தொகுப்பிகள் அதை நெடுங்காலம் பொறுத்துக்கொண்டன. ஜிசிசி 4.8 பழைய இலக்கணத்தையே இயல்பாகக் கொண்டிருந்தது. கேட்டால் மட்டுமே எச்சரிக்கும். கேட்காவிட்டால் வாய் திறக்காது. 2015-இல் வந்த ஜிசிசி 5, யாரும் கேட்காமலேயே எச்சரிக்கத் தொடங்கியது. 2024-இல் வந்த ஜிசிசி 14-இல் அந்த எச்சரிக்கை பிழையாகவே மாறியது. இடையில் ஒன்பது ஆண்டுகள்! எச்சரிக்கைதானே என்று கடந்துபோனவர்களுக்கு அந்தத் தவணை போதவில்லை.

இரண்டாவது, மாறி பற்றியது. ஒரு மாறியைப் பல கோப்புகள் பகிர்ந்துகொள்ள விரும்பினால், ஒரு கோப்பில் மட்டும் அதை வரையறுத்து, மற்றவற்றில் 'அது வேறோர் இடத்தில் உள்ளது' என்று குறிக்க வேண்டும். பலர் இதைச் செய்யாமல், எல்லாக் கோப்புகளும் சேர்த்துக்கொள்ளும் தலைப்புக் கோப்பிலேயே மாறியை வரையறுத்துவிடுவர். ஜிசிசி 9 வரை இப்படி வந்த நகல்கள் ஒன்றாக இணைக்கப்பட்டன. 2020-இல் வந்த ஜிசிசி 10 முதல் இந்த இயல்பு மாற்றப்பட்டது. ஒரே பெயர் பல இடங்களில் வரையறுக்கப்பட்டுள்ளது என்ற பிழையோடு வேலை நின்றுவிடும். இதுவும் தொகுப்பியின் பிடிவாதம் என்று சொல்வதற்கில்லை. இரண்டு கோப்புகளில் தற்செயலாக ஒரே பெயரிட்ட, ஆனால் வெவ்வேறு பொருளுடைய இரு மாறிகளும் முன்பு ஓசையின்றி ஒன்றாகிவிடும் ஆபத்து இருந்தது.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. நிரல் புதியது, தொகுப்பி பழையது. லினக்ஸ் கருநிரல் நெடுங்காலம் சி மொழியின் 1989-ஆம் ஆண்டு இலக்கணத்தையே பெரிதும் பின்பற்றியது. 2022-இல் வந்த 5.18 பதிப்பில்தான் அது 2011-ஆம் ஆண்டு இலக்கணத்திற்கு மாறியது. அதைக் கட்ட ஜிசிசி 5.1-ஆவது இருக்க வேண்டும். நம் மாணவர்களின் ஜிசிசி 4.8 அதன் வாசலிலேயே நின்றுவிடும்.

சத்தமில்லாத தவறு

பிழைச் செய்தி காட்டி நிற்கும் தொகுப்பியை நாம் நண்பனாகக் கருதலாம். எதுவும் சொல்லாமல் தவறாகக் கட்டித் தரும் நிலைதான் அஞ்சத்தக்கது.

மூல நிரலாகக் கிடைக்கும் பல மென்பொருள்கள், கட்டும் வேலை தொடங்குமுன் கணினியைச் சோதிக்கும். 'இந்த வசதி இங்கே உண்டா?' என்று அறிய, அவை ஒரு சின்னஞ்சிறு நிரலை எழுதித் தொகுத்துப் பார்க்கும். தொகுக்க முடிந்தால் வசதி உண்டு, முடியாவிட்டால் இல்லை. இதில் ஒரு பொறி இருக்கிறது. அந்தச் சோதனை நிரலே பழைய இலக்கணத்தில், அறிவிப்புகள் இல்லாமல் எழுதப்பட்டிருந்தால் என்ன ஆகும்? ஜிசிசி 14 அதை ஏற்காது. வசதி கணினியில் இருந்தபோதும் 'இல்லை' என்றே சோதனை முடிவு செய்யும். பிறகு மென்பொருள் அந்த வசதியை விட்டுவிட்டுக் கட்டப்படும். பிழை ஏதும் தோன்றாது. வேலை வெற்றியாகவே முடியும்.

நம் நூலக நிரலிலும் இப்படி நடக்கலாம். எழுத்துக் குறியாக்கத்தை மாற்றும் வசதி 'இல்லை' என்று முடிவானால், தமிழ்ப் புத்தகத் தலைப்புகள் எல்லாம் கேள்விக்குறிகளாகத் தெரியக்கூடும். அதைப் பார்ப்பவர் எழுத்துருவைச் சந்தேகிப்பார், தரவுக் கோப்பைச் சந்தேகிப்பார். தொகுப்பியின் பதிப்பு மட்டும் அவர் நினைவுக்கு வராது. ஜிசிசி 14-ஐ வெளியிட்டவர்கள் இந்த ஆபத்தைத் தங்கள் வழிகாட்டிக் குறிப்பிலேயே எச்சரித்துள்ளனர். பழைய தொகுப்பியால் ஒருமுறையும் புதிய தொகுப்பியால் ஒருமுறையும் சோதனையை நடத்தி, இரு பதிவுக் கோப்புகளையும் ஒப்பிட்டால் 'உண்டு' என்பது எங்கே 'இல்லை' என மாறியது என்பது தெரிந்துவிடும்.

நிரலகங்களைப் பயன்படுத்துவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜிசிசி 5-இல், சி பிளஸ் பிளஸ் மொழியின் எழுத்துச்சரங்கள் நினைவகத்தில் அமையும் முறை மாறியது. பழைய முறையில் கட்டப்பட்ட நிரலகத்தையும் புதிய முறையில் கட்டப்பட்ட நிரலையும் இணைக்க முயன்றால், கண்முன் இருக்கும் செயற்கூற்றையே 'காணவில்லை' என்று கணினி சொல்லும். ஆகவே, சி பிளஸ் பிளஸ் நிரலையும் அது சார்ந்திருக்கும் நிரலகங்களையும் ஒரே தொகுப்பியால் கட்டுவதே தொல்லையற்ற வழி.

சரிசெய்யும் வழிகள்

பிழைச் செய்திகள் நூறு வந்தாலும் முதலில் வந்ததையே படிக்க வேண்டும். பின்னால் வருபவை பெரும்பாலும் முதற்பிழையின் எதிரொலிகளாக இருக்கும். அடுத்து, மூல நிரலுடன் வரும் விளக்கக் கோப்பைத் திறந்து, எந்தத் தொகுப்பியின் எந்தப் பதிப்பு தேவை என்று எழுதியிருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். எழுதியிருக்காவிட்டாலும் வழியுண்டு. நிரல் கடைசியாகத் திருத்தப்பட்ட நாளைக் கண்டுபிடித்தால், அக்காலத்தில் புழங்கிய தொகுப்பியின் பதிப்பை ஓரளவு ஊகித்துவிடலாம்.

அதன்பின் மூன்று பாதைகள் நம்முன் இருக்கின்றன. நிரலைத் திருத்துவது ஒன்று. விடுபட்ட அறிவிப்புகளைச் சேர்த்து, மாறியை ஒரே இடத்தில் வரையறுத்தால், நிரல் பழைய தொகுப்பிக்கும் ஒத்துவரும், புதியதற்கும் ஒத்துவரும். இன்னும் பல ஆண்டுகளுக்குப் பயன்படப்போகும் நிரலுக்கு இதுவே தக்க வழி. நூலக நிரலைப் பொறுத்தவரை, இரண்டு பிற்பகல்கள் உட்கார்ந்தால் முடியக்கூடிய வேலைதான்.

இரண்டாவது, புதிய தொகுப்பியிடமே 'பழைய இலக்கணப்படி படி' என்று கட்டளையிடுவது. மொழியின் 1989-ஆம் ஆண்டுத் தரத்தையே பின்பற்றும்படியும், பல இடங்களில் வரையறுத்த மாறிகளை முன்போல் இணைக்கும்படியும் ஜிசிசியிடம் சொல்ல முடியும். இது காயத்தின்மேல் ஒட்டும் பிளாஸ்திரி. அவசரத்திற்கு உதவும், உள்ளே இருக்கும் வெட்டுண்ட முகவரிகளை அது குணப்படுத்தாது.

மூன்றாவது, பழைய தொகுப்பியையே நிறுவுவது. இங்கேதான் பலர் அவசரப்பட்டு, கணினியில் உள்ள தொகுப்பியை நீக்கிவிட்டுப் பழையதை வைக்கிறார்கள். அது தேவையில்லை. அந்தக் கணினியில் அடுத்துக் கட்டப்படும் பிற மென்பொருள்களுக்குப் புதிய பதிப்பே தேவைப்படலாம். ஜிசிசியின் பல பதிப்புகள் ஒரே கணினியில் அருகருகே இருக்க முடியும். உபுண்டு 24.04-இல் இயல்பாக வருவது ஜிசிசி 13. வேண்டுமென்றால் அதனுடன் 9-ஆம் பதிப்பையும் 14-ஆம் பதிப்பையும் நிறுவலாம். அவற்றின் கட்டளைப் பெயர்களிலேயே பதிப்பெண் ஒட்டிக்கொண்டிருக்கும். குறிப்பிட்ட மென்பொருளைக் கட்டும்போது மட்டும் எந்தத் தொகுப்பியைப் பயன்படுத்த வேண்டும் என்பதைச் 'சிசி' என்னும் சூழல் மாறியில் குறித்தால் போதும். தொகுப்பியை மாற்றியபின், முன்பு பாதியில் நின்றுபோன கட்டுமானத்தின் மிச்சக் கோப்புகளை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு தொகுப்பிகளின் துண்டுகளும் கலந்துவிடும்.

தேவையான பதிப்பு மிகப் பழையது என்றால், அக்காலத்து இயங்குதளத்தையே ஒரு கொள்கலனுக்குள் ஓட்டி, அதற்குள் கட்டலாம். டெபியன் 10-க்கான கொள்கலனில் ஜிசிசி 8 கிடைக்கும்; வெளியே உள்ள கணினி மாறாமல் அப்படியே இருக்கும்.

எந்தப் பாதையில் சென்றாலும், இறுதியில் எது வேலை செய்ததோ அதை மூல நிரலோடு சேர்த்தே எழுதி வைக்க வேண்டும். எந்த இயங்குதளம், எந்தத் தொகுப்பி, எந்தப் பதிப்பு, என்னென்ன கட்டளைகள் என்று நான்கு வரிகள் போதும். 2014-இல் அந்த மாணவர்கள் இந்நான்கு வரிகளை எழுதியிருந்தால், இன்று ஊகத்திற்கே இடமிருந்திருக்காது. புதிய மொழிகள் சில இதை மனிதரின் நினைவாற்றலுக்கு விட்டுவைக்கவில்லை. கோ மொழித் திட்டங்களில், மொழியின் எந்தப் பதிப்பு வேண்டும் என்பதற்கே தனி வரி உண்டு. ரஸ்ட் மொழித் திட்டத்தில், தேவையான தொகுப்பியின் பதிப்பைக் கூறும் கோப்பை வைத்தால், உரிய பதிப்பு தானாகவே தேர்ந்தெடுக்கப்படும்.

உறைமோர்

இதுவரை தொகுப்பி நம்மிடம் ஏற்கெனவே இருப்பதாக எண்ணிப் பேசினோம். தொகுப்பியையே மூல நிரலிலிருந்து கட்ட வேண்டுமானால்? தொகுப்பியும் ஒரு மென்பொருள்தானே. அதைத் தொகுக்கவும் ஒரு தொகுப்பி வேண்டும்.

வீட்டில் தயிர் எப்படிச் செய்கிறார்கள் என்று கவனித்திருப்பீர்கள். பாலைக் காய்ச்சி ஆறவைத்து, நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து உறை ஊற்றுவார்கள். அந்த நேற்றைய தயிருக்கு முந்தாநாள் தயிர் உறையாக இருந்தது. தொகுப்பிகளும் இப்படித்தான் தலைமுறை தலைமுறையாக வருகின்றன. ஆனால், எந்தத் தயிரும் எந்தப் பாலையும் உறையவைக்கும். தொகுப்பிக்கு அந்தத் தாராளம் இல்லை. எத்தனையாவது தலைமுறை என்பதை அது பார்க்கும்.

ஜிசிசி 4.7 வரை, ஒரு சி தொகுப்பி இருந்தால் ஜிசிசியைக் கட்டிவிடலாம். 2013-இல் வந்த 4.8 முதல் சி பிளஸ் பிளஸ் தொகுப்பி தேவைப்பட்டது. ஜிசிசி 11-க்கு அம்மொழியின் 2011-ஆம் ஆண்டுத் தரத்தையும், 2025-இல் வந்த ஜிசிசி 15-க்கு 2014-ஆம் ஆண்டுத் தரத்தையும் அறிந்த தொகுப்பி வேண்டும். ஆகவே, பழைய சி தொகுப்பி மட்டுமே உள்ள ஒருவர் நேராக 15-க்குத் தாவ முடியாது. 4.7-ஐக் கட்டி, அதைக்கொண்டு 9-ஐக் கட்டி, அதைக்கொண்டே 15-ஐக் கட்ட வேண்டும். கோ மொழியிலும் இப்படி ஒரு படிக்கட்டு உண்டு. 1.4 வரை அதன் தொகுப்பி சி மொழியில் இருந்தது. 2015-இல் வந்த 1.5-இல் அது கோ மொழிக்கே மாறியது. அதைக் கட்ட 1.4 தேவை. 1.20-ஐக் கட்ட 1.17 வேண்டும், 1.22-ஐக் கட்ட 1.20 வேண்டும். இப்படிக்கட்டில் ஒரு படியின் மூல நிரல் தொலைந்துபோனால், அதற்கு மேலே உள்ள படிகளை ஏற வேறு வழி தேட வேண்டியதுதான்.

ஜிசிசி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் முறை சுவையானது. முதலில் கணினியில் உள்ள தொகுப்பி புதிய ஜிசிசியைக் கட்டும். அப்படிக் கட்டப்பட்ட ஜிசிசி, அதே மூல நிரலிலிருந்து மீண்டும் ஒரு ஜிசிசியைக் கட்டும். அந்த இரண்டாவது, மூன்றாவதைக் கட்டும். இறுதியில் இரண்டாவதும் மூன்றாவதும் ஒப்பிடப்படும். இரண்டும் ஒரே மூல நிரலிலிருந்து வந்தவை. ஒரே விதமாக வேலை செய்ய வேண்டிய தொகுப்பிகளால் கட்டப்பட்டவை. எனவே, அவை ஒத்திருக்க வேண்டும். வேறுபட்டால் எங்கோ கோளாறு இருக்கிறது என்று பொருள்.

ஒத்திருந்தால் முழுமையாக நம்பலாமா? 1984-இல் வெளியான தம் டியூரிங் விருது உரையில் கென் தாம்சன் இந்த நம்பிக்கையையே அசைத்துப் பார்த்தார். கணினிக்குள் நுழைய அனுமதிக்கும் நிரலைத் தொகுக்கும்போது, ஒரு தொகுப்பி அதில் கள்ளக்கதவு ஒன்றை வைத்துவிடுகிறது. புதிய தொகுப்பியைத் தொகுக்கும்போதோ, இதே தந்திரத்தை அதற்குள்ளும் புகுத்திவிடுகிறது. பிறகு மூல நிரலிலிருந்து அந்தத் தந்திரத்தின் தடயம் முழுவதையும் அழித்துவிடலாம். யார் எத்தனை முறை படித்தாலும் மூல நிரல் தூய்மையாகவே இருக்கும்; கள்ளக்கதவு மட்டும் உறைமோர் வழியாகத் தலைமுறை தலைமுறையாகத் தொடரும்.

அப்படியானால், மனிதர் படித்துச் சரிபார்க்கக்கூடிய அளவுக்குச் சிறியதான ஒன்றிலிருந்து தொடங்கினால் என்ன? குனு கைக்ஸ் என்னும் இயங்குதளத்தை உருவாக்குவோர் இந்த வழியில் முயன்று, 2023-இல் தங்கள் வெற்றியை அறிவித்தனர். வேலைகளை வரிசையாக நடத்திச்செல்லும் துணை மென்பொருளை ஆயத்தமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். தொகுப்பிகளின் சங்கிலியோ 357 பைட்டுகளே கொண்ட ஒரு சிறு நிரலிலிருந்து தொடங்குகிறது. அது தன்னைவிடச் சற்றுப் பெரிய ஒன்றைக் கட்டுகிறது, அது இன்னொன்றை. இப்படியே எளிய சி தொகுப்பி வரை வந்து, அதன்பின் ஜிசிசி 2.95, ஜிசிசி 4.6 என்று ஏறி, இன்றைய தொகுப்பியை அடைகிறது. ஒரு படியும் விடாமல் ஒவ்வொன்றின் மூல நிரலும் பதிப்பெண்ணும் குறிக்கப்பட்டுள்ளன. தொடக்கத்தில் உள்ள அந்த 357 பைட்டுகளை ஒரே தாளில் அச்சிட்டு, பென்சிலும் கையுமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிடலாம்.